புதுப்பிப்பு: தினசரிப் பயன்பாட்டுக்கு வாசனைப் பவுடர் – மூன்று மாதங்களுக்குப் பின்

சென்னை வெயிலில் மின்சார ரயிலேறி அலுவலகம் செல்லும் எனக்கு, குளித்தபின் பூசிக்கொள்ள ஏற்ற வாசனைப் பவுடர் எது என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பலரும் சந்தனத்தையே பரிந்துரைத்தீர்கள். வாங்கினேன். மணம் அருமைதான், ஆனால் ஈரம் உலராத கழுத்தில் தூவியதால், மாம்பலம் வருவதற்குள் அது வியர்வையோடு சேர்ந்து பிசைந்த மாவுபோலாகி, சட்டைக் காலரின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டுகளாகப் படிந்துவிட்டது. இப்போது ஐந்து நிமிடம் மின்விசிறியின்கீழ் நின்றபின், டப்பாவை உடல்மேல் கவிழ்க்காமல் உள்ளங்கையில் சிறிது எடுத்துத் தேய்க்கிறேன். திட்டும் இல்லை, தும்மலும் இல்லை.

பல வாசனைப் பவுடர்களில் சேரும் கனிமத் தூளான டால்க் குறித்து அப்போது எச்சரித்தவருக்கு நன்றி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கப் பெரும்பாலும் வாய்ப்புள்ளவை என்னும் 2ஏ பிரிவில் 2024-இல் டால்க்கைச் சேர்த்திருப்பதால், அடுத்த டப்பாவைச் சோளமாவு கலந்ததாகப் பார்த்து வாங்கினேன். அதன் மணம் மதியத்திற்குள் மறைந்துவிடுகிறது (என் மனைவிக்கு அதில் மகிழ்ச்சியே). எனினும் ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிறது. மெந்தால் கலந்த வேர்க்குருப் பவுடரை முதுகுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், ஏனெனில் முகத்தில் பூசினால் கண் எரிகிறது.