அப்பன் காளையின் ஊசியை மகள் கிடேரிக்கே போடலாமா?

மடிநிறை:
எங்கள் பண்ணையில் அதிகம் கறப்பவை ஒரே காளைக்குப் பிறந்த மாடுகள்தான். அவற்றின் தங்கைக் கிடேரிகள் இப்போது பருவத்துக்கு வந்திருக்கின்றன. அதே காளையின் சினை ஊசியையே (உறைவிந்து) போடப் போகிறேன். நல்ல குணத்தை நிலைநிறுத்தச் சொந்தத்துக்குள் சேர்ப்பது பழைய முறைதானே? பேர்பெற்ற இனங்கள் பலவும் அப்படி உருவானவைதான். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

ஈத்துக்கணக்கு:
வேண்டாம் அண்ணே. இனத்தை உருவாக்கியவர்கள் வழியில் கழித்துக்கட்டிய மாடுகளை யாரும் எண்ணிச் சொல்வதில்லை. அப்பனும் மகளும் சேர்ந்தால் கன்றின் உள்ளினச் சேர்க்கை அளவு, அதாவது ஒரே மூதாதையின் அதே மரபணு தாய் வழியும் தந்தை வழியும் இரண்டு பிரதியாக வந்து சேரும் வாய்ப்பு, 25 சதவீதம். ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் ஓர் ஈத்தில் சுமார் 20 முதல் 40 கிலோ பால் குறைகிறது. பெருக்கிப் பாருங்கள்.

மடிநிறை:
சரி, 500 முதல் 1,000 கிலோ. ஆனால் ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனத்தில் உறவு நெருக்கமும் கூடிக்கொண்டே வருகிறது, பாலும் கூடிக்கொண்டே வருகிறது. உங்கள் கணக்குப்படி பால் இறங்கியிருக்க வேண்டுமே?

ஈத்துக்கணக்கு:
சிறந்த காளைகளையே தேர்ந்தெடுப்பதால் கிடைக்கும் ஏற்றம் அந்த இறக்கத்தைவிடப் பெரிது. அதனால் இறக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இறக்கம் இல்லையென்றால் இன்னும் கூடுதலாகக் கறந்திருக்கும்.

தொழுவத்தடம்:
பாலை மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. 1962இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற காளை, நல்ல கறவையோடு ஒரு பழுதான மரபணுவையும் உலகெங்கும் பரப்பியது. ஒரு பிரதி இருந்தால் மாட்டுக்கு எந்தக் குறையும் தெரியாது. இரண்டு பிரதியும் பழுதாக அமைந்தால் கரு வயிற்றிலேயே செத்துவிடும். 2016இல் வெளியான ஆய்வு, சுமார் 5 லட்சம் கருச்சிதைவு, 42 கோடி டாலர் நஷ்டம் என்று மதிப்பிட்டது.

தொழுவத்தில் இது எப்படித் தெரியும்? ஊசி போட்டு 21 நாளில் மாடு பருவத்துக்கு வராது. சினை என்று நம்பியிருப்போம். சில மாதம் கழித்து மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். ஊசி போட்டவரைத் திட்டுவோம், தீவனத்தைச் சந்தேகப்படுவோம். காளையின் வம்சத்தை நினைக்கவே மாட்டோம்.

மடிநிறை:
அதே சீஃபால் கிடைத்த கூடுதல் பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர் என்றும் அதே ஆய்வு சொல்கிறதே! அந்தப் பழுதைக் கண்டுபிடிக்க இப்போது பரிசோதனையும் இருக்கிறது.

தொழுவத்தடம்:
அந்த லாபம் சீஃபின் மகன்களையும் பேரன்களையும் பல மந்தைகளுக்குக் கொண்டுபோனதால் வந்தது, மகளுக்கே அப்பனைப் போட்டதால் அல்ல. பரிசோதனையும் தெரிந்த பழுதுக்கு மட்டும்தான். இன்னும் அடையாளம் காணாத பழுதுக்கு எதை வைத்துச் சோதிப்பீர்கள்?

மேய்ச்சல்வழி:
இவ்வளவு பயம் தேவையா? இங்கிலாந்தின் சில்லிங்ஹாம் மாடுகள் 300 ஆண்டுக்கு மேல் வெளிக்கலப்பு இல்லாமல் வாழ்கின்றன. 1947 கடுங்குளிரில் 13 மட்டுமே மிஞ்சி, மறுபடி பெருகின.

ஈத்துக்கணக்கு:
அவற்றை யாரும் கறப்பதில்லை நண்பரே. நோஞ்சான் கன்று பிறந்தால் இயற்கையே கழித்துவிடும். பண்ணையில் அந்தக் கன்றுக்குப் பால் ஊற்றி, மருந்து கொடுத்து, கடைசியில் சினையும் பிடிக்காமல் விற்பது நாம். பிழைத்திருப்பது வேறு, வருஷம் ஒரு கன்று ஈன்று கறப்பது வேறு.

மடிநிறை:
சரி, மகள்களுக்கு வேறு காளை போடுகிறேன். ஆனால் பேத்திகளுக்கு மறுபடி இந்தக் காளைதான். இந்த மடியை இழக்க மனம் வரவில்லை.

தொழுவத்தடம்:
பேத்தி என்றாலும் 12.5 சதவீதம் வரும் அண்ணே. கொள்ளுப்பேத்திக்குப் போனால்தான் 6.25. பலரும் அதற்கு மேல் போகக் கூடாது என்றே வைத்திருக்கிறார்கள். வேறு காளை என்றாலும் பேரைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். அமெரிக்க ஹோல்ஸ்டீன் பொலிகாளைகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் ஆண்வழியும் சீஃப், எலிவேஷன் என்ற இரண்டு காளைகளில்தான் போய் முடிகிறது. உறைவிந்துக் குச்சியில் இருக்கும் காளை எண்ணைக் குறித்துவைத்து, அப்பன், தாத்தா, தாயின் அப்பன் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஜெர்சி மாதிரி வேறு இனத்தைக் கலந்துவிடுங்கள்.

மடிநிறை:
ஜெர்சி கலந்தால் பாலின் அளவு குறையுமே?

ஈத்துக்கணக்கு:
அளவு குறையலாம், கொழுப்புச் சத்து கூடும். சினை பிடிப்பதும் பெரும்பாலும் சுலபமாகும். உங்கள் கிடேரிகளுக்கு இதுவரை எத்தனை ஊசி போட்டுச் சினை பிடித்தது என்ற கணக்கு இருக்கிறதா? இருந்தால் இங்கே போடுங்கள், அதை வைத்துப் பேசலாம்.