கீரை வேகவைத்த நீரைக் காய்கறிச் சாற்றில் சேர்க்கலாமா?

கேள்வி

வணக்கம். தானாக முளைத்துக் கிடக்கும் கீரைகளைப் பறித்துச் சமைக்கும் பழக்கம் எனக்கு ஓராண்டாக உண்டு. குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, பருப்புக்கீரை, புளியாரை ஆகிய நான்கை மட்டுமே ஐயமின்றி அடையாளம் காணத் தெரியும் என்பதால் அவற்றைத் தாண்டிப் போவதில்லை. காய் நறுக்கும்போது மிஞ்சும் தோல், காம்பு, நுனி ஆகியவற்றையும் எறிவதில்லை. ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் சேர்த்து வைத்து, டப்பா நிறைந்ததும் கொதிக்கவைத்து வடிகட்டி, சூப்புக்கு அடிப்படையாகும் சாறு எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம், குப்பைக்கீரை வேகவைத்த பச்சை நீரைக் கொட்ட மனம் வராமல் அந்தச் சாற்றிலேயே ஊற்றிவிட்டேன். சத்தெல்லாம் நீரில்தானே இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். சாறு கருத்துப்போய், பல்லில் மாவு படிந்தாற்போல் ஒரு துவர்ப்பும் தொண்டையில் நிற்கும் கசப்புமாக இருந்தது. ஒரு பானை சாற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. வீணாக்கக் கூடாது என்று தொடங்கிய வேலை வீணில் முடிந்தது வருத்தமாக இருக்கிறது. கீரை நீரைச் சேர்த்தது தவறா, அல்லது டப்பாவில் இருந்த ஏதோ ஒன்று கெடுத்ததா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்

கீரை நீரைச் சேர்த்ததுதான் முதல் தவறு. நீங்கள் சொல்லும் நான்கு கீரைகளிலும் ஆக்சாலிக் அமிலம் மிகுதி; பல்லில் மாவு படிந்தாற்போல் தோன்றியதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். அதில் ஒரு பகுதி நீரில் கரையக்கூடியது. நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் அந்தப் பகுதி நீரோடு போய்விடுகிறது. அதாவது, கீரையிலிருந்து வெளியேற்ற விரும்பியதையே நீங்கள் சாற்றுக்குள் திரும்பக் கொண்டுவந்திருக்கிறீர்கள். வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவையும் அந்த நீரில் ஓரளவு இறங்குவது உண்மைதான். ஆயினும் காட்டுக்கீரையைப் பொறுத்தவரை அந்த இழப்பை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. ஆகவே கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் வடிக்காத கீரையை அவர்களுக்குப் பரிமாறாதீர்கள். கீரையோடு தயிரோ பாலோ சேர்த்து உண்பது நல்லது. அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால் உடலுக்குள் சேரும் அளவு குறைகிறது. வார்ஃபரின் என்னும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை உட்கொள்பவர்கள், கீரைகளிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் உண்ணும் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வடித்த நீரைக் கொட்டத்தான் மனம் வரவில்லையென்றால், உப்புப் போடாமல் வேகவைத்து, ஆறியபின் செடிகளுக்கு ஊற்றுங்கள்.

மற்றொரு பதில்

கசப்புக்குக் கீரை நீர் மட்டுமே காரணமாக இருக்காது. டப்பாவில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தண்டுகள் இருந்தனவா? அந்தக் குடும்பத்துக் காய்கள் நீண்ட நேரம் கொதித்தால் கந்தக நெடி வந்து சாறு முழுவதையும் ஆட்கொண்டுவிடும். அந்தத் தண்டுகளின் நாரைச் சீவிவிட்டு மெல்லியதாக நறுக்கி வதக்கினால் அவையே ஒரு நல்ல பொரியல். சாற்றில் போடுவதுதான் அவற்றை வீணாக்குவது. வெங்காயத்தின் காய்ந்த மேல்தோல் ஒன்றிரண்டு போதும், பொன்னிறம் வந்துவிடும். கைப்பிடி அளவு போட்டால் கசக்கும். எலுமிச்சைத் தோலின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியும் அப்படியே. கேரட் நுனி, காளான் காம்பு, பட்டாணித் தோல், மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர், தக்காளிக் காம்புப் பகுதி ஆகியவை இனிப்பும் சுவையும் தருபவை. அவை மூழ்கும் அளவு மட்டும் நீர் ஊற்றி, தளதளவென்று கொதிக்க விடாமல், சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்து இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் காயின் சுவை கூடுவதில்லை, கசப்புத்தான் கூடுகிறது.

உருளைக்கிழங்குத் தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சை பாய்ந்த கிழங்கின் தோலிலும் முளையிலும் சோலனின் போன்ற நச்சுப்பொருள்கள் சேர்கின்றன, அவை கொதிக்கவைப்பதால் அழிவதில்லை. சுரைக்காயோ வெள்ளரியோ வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் அதையும் தோலோடு எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பைத் தரும் குக்குர்பிட்டசின் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும், சமைத்தாலும் நீங்காது. ஆகவே டப்பாவில் போடுமுன் சந்தேகமான காயின் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவது என் வழக்கம். எடுத்த சாற்றை அகலமான பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. முட்டைக்கோஸ் தண்டு பாதி டப்பா இருந்தது. தவறு இப்போது புரிகிறது. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். காலையில் பறித்த பருப்புக்கீரை நன்றாகப் புளித்தது, அதே இடத்தில் மாலையில் பறித்தது அவ்வளவாகப் புளிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு செடிகளோ என்ற பயம் வந்துவிட்டது.

பதில்

பயப்பட வேண்டாம், உங்கள் நாக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. நீர் குறைந்த காலத்தில் பருப்புக்கீரை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் கரியமில வாயுவை உள்ளே இழுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. பகல் வெளிச்சத்தில் அதைச் செலவழிக்கிறது. ஆகவே விடியற்காலையில் புளிப்பு மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும்.

ஆனால் செடி வேறாக இருக்கலாம் என்று சந்தேகித்தது நல்ல பழக்கம். தரையோடு படரும் பால்பெருக்கிச் செடிகள் சில, தூரத்திலிருந்து பார்த்தால் பருப்புக்கீரை போலவே இருக்கும். தண்டை ஒடித்துப் பாருங்கள். பருப்புக்கீரையின் தண்டு வழவழப்பாகவும் சதைப்பற்றோடும் இருக்கும், ஒடித்த இடத்தில் தெளிந்த நீர் கசியும். வெள்ளைப் பால் வந்தால் அதை உண்ணக் கூடாது. ஒரே பெயரை ஊருக்கு ஊர் வேறு செடிக்கு வைத்திருப்பதால், போர்ட்டுலாகா ஒலரேசியா என்ற அறிவியல் பெயரையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

குப்பைக்கீரையைக் கொத்தாக அறுக்காமல் ஒவ்வொரு தண்டாகப் பறியுங்கள். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கடைகளில் விற்ற பசலைக்கீரையில் ஊமத்தை இலை கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்டோர் மனக்குழப்பம், மங்கிய பார்வை, படபடப்பு ஆகியவற்றுக்கு ஆளானார்கள். வணிக வயலிலேயே நேர்ந்தது நம் கூடையில் நேராது என்று சொல்ல முடியாது.

பறிக்கும் இடத்தையும் பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் உலகிலிருந்து முற்றிலும் விலகியது 2021இல்தான். சாலையோர மண்ணில் படிந்த ஈயம் பல பத்தாண்டுகள் தங்கும். கழுவினால் இலைமேல் இருக்கும் புழுதி போகும், வேர் வழியே ஏறியது போகாது. கால்நடைகள் மேயும் நீர்நிலைக் கரையில் பறித்ததைப் பச்சையாக உண்ணவே வேண்டாம், கல்லீரல் தட்டைப்புழுவின் இளம் பருவம் அங்குள்ள செடிகளில் ஒட்டியிருக்கக்கூடும்.

கேட்டவரின் மறுமொழி

இன்று கேரட் நுனியும் காளான் காம்பும் மட்டும் போட்டு, முக்கால் மணி நேரத்தில் இறக்கினேன். சாறு தேன் நிறத்தில் தெளிவாக வந்தது, துவர்ப்பே இல்லை. குப்பைக்கீரையைத் தனியே வேகவைத்து வடித்துப் பிழிந்து, பரிமாறும் நேரத்தில் சாற்றில் போட்டேன். வடித்த நீர் ஆறிக்கொண்டிருக்கிறது. மாலையில் செடிகளுக்கு ஊற்றிவிடுவேன்.