புதுப்பிப்பு: பட்டறைக்கு எந்த கேம் (CAM) மென்பொருள்? முடிவு செய்தாச்சு

என்னிடம் இருப்பது ஃபேனக் கன்ட்ரோல் (மெஷினை இயக்கும் கணினி) உள்ள ஒரே ஒரு விஎம்சி (கணினி ஓட்டும் செங்குத்து மில்லிங் மெஷின்), பெரும்பாலும் பிளேட், பாக்கெட் (குழி வெட்டும்) வேலை. இதற்குச் செலவில்லாமல் எந்த கேம் மென்பொருள் (வரைபடத்திலிருந்து மெஷினுக்கான வெட்டும் புரோகிராமை உருவாக்குவது) எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃபியூஷன் மென்பொருளின் இலவசப் பதிப்பைச் சொன்னீர்கள். அது வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல. போதாததற்கு, 2020 அக்டோபருக்குப் பிறகு அதில் ரேப்பிட் நகர்வுகூட (வெட்டாமல் வேகமாக நகர்வது) வெட்டும் ஃபீடிலேயே (வேகத்திலேயே) ஊர்கிறது, தானாக டூல் மாற்றமும் வராது. டூல் சேஞ்சர் வைத்திருப்பவனுக்கு அது எதற்கு?

சரி என்று ஃப்ரீகேட் 1.0 என்ற திறந்த மூல மென்பொருள் (2024 நவம்பரில் வந்தது) பக்கம் போனேன். தொழிலுக்கும் இலவசம். புரொஃபைல் (ஓரம் சுற்றி வெட்டுவது), பாக்கெட், ட்ரில்லிங் நன்றாகவே ஓடுகிறது. அடாப்டிவ் கிளியரிங்கும் (டூல் மேல் சுமை சீராக இருக்கும்படி உலோகத்தை வெட்டி நீக்குவது) உண்டு. உண்மையான வேலை போஸ்ட் பிராசஸரில்தான் (வெட்டும் பாதையை நம் மெஷினுக்குப் புரியும் கோடாக மாற்றுவது). நல்லவேளை, அது வெறும் பைத்தான் கோப்பு. ஜி43 (டூல் நீளத்தைக் கணக்கில் எடுப்பது), ஜி28 (ரெஃபரன்ஸ் புள்ளிக்குத் திரும்புவது) வரிகள் நம் மெஷினுக்கு ஏற்றபடி வருகிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். திருத்திய பிறகு முதல் புரோகிராமை, ஒர்க் ஆஃப்செட்டில் (வேலைப்பொருளின் பூஜ்யப் புள்ளி அமைப்பு) இசட்டை, அதாவது உயரத்தை, 100 மி.மீ. உயர்த்தி, எதையும் வெட்டாமல் காற்றில் ஓட்டிப் பாருங்கள்.

3டி சர்ஃபேஸ் (வளைந்த பரப்பு) வேலைக்கு மட்டும் ஃப்ரீகேட்டில் எனக்குத் திருப்தியில்லை. மோல்டு ஆர்டர் வந்தால் அந்த மாதத்துக்கு மட்டும் ஃபியூஷன் சந்தா கட்டி, அதையும் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடப் போகிறேன்.