பழைய மண்டியை இடித்து முகப்பை மட்டும் வைத்தால் போதுமா?

வெல்லமண்டிக்காரர்:
சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பழைய மண்டியின் தெருப்பக்க முகப்பை மட்டும் விட்டுவிட்டு, உள்ளே காங்கிரீட்டில் கட்டலாம் என்று வீட்டில் பேச்சு. எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இருக்கிறதே, 1897ல் ஸ்மித் என்ற மருந்து வியாபாரியின் கம்பெனிக்காக எழுப்பியது. இந்திய, இஸ்லாமிய வேலைப்பாடுகளை ஐரோப்பியக் கட்டட முறையோடு கலந்த இந்தோ சாரசனிக் பாணி. 2006ல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்கு நடந்து, 2010ல் உயர் நீதிமன்றம் அதைப் பாதுகாக்கச் சொன்னது. கடைக்காகக் கட்டியதுதானே அதுவும்?

கொலுசுப்பட்டறை:
அண்ணே, அது பெரிய நிறுவனத்தின் சொத்து. நமக்கு? 15 அடி அகலக் கடையில் இரண்டு பக்கச் சுவருக்கே 4 அடி போகிறது. மழை வந்தால் மெத்தை, அதாவது மேல்தளம், ஒழுகுகிறது. மேலே மாடி எடுத்தால்தான் பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க முடியும். முகப்பை விட்டுவைப்பதே பெரிய விஷயம்.

வெல்லமண்டிக்காரர்:
ஒழுகுவது பழசானதால் இல்லை தம்பி. மெட்ராஸ் டெரஸ் என்கிற இந்தப் பழைய மெத்தையை எப்படிப் போட்டார்கள்? தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, மேலே மெல்லிய செங்கல்லைக் குத்தாகச் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. எங்கள் மெத்தைக்கு மண்டி வெல்லமே போனது என்று அப்பா சொல்வார். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் போக வழியில்லாமல் கட்டை இற்றுவிடும். எங்கள் மண்டியில் நடந்தது அதுதான்.

முகப்பு என்றால் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பாருங்கள். 100 படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டூடியோ போய்விட்டது. என் பேரனுக்கு அது ரோட்டோரத்தில் ஒரு வளைவு, அவ்வளவுதான்.

அடிவாரத்துக்காரி:
வளைவாவது நிற்பதால்தானே ஐயா பேரனுக்குக் கதை சொல்ல முடிகிறது? ஆனாலும் மண்டி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பாரிமுனையில் டேர் ஹவுஸ் 1940ல் ஆர்ட் டெகோ என்ற, நேர்கோடுகளும் வடிவியல் அலங்காரமும் கொண்ட பாணியில் கட்டியது. இன்றும் அலுவலகமாகவே ஓடுகிறது. புழங்கும் கட்டடத்தைத்தான் யாரும் கவனித்துக்கொள்வார்கள்.

கொலுசுப்பட்டறை:
அது கட்டும்போதே பல மாடி. எங்களுடையது வெறும் தரைத்தளம். மாடி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் சிமெண்டு விஷயம் எனக்குப் புதிது. போன வருடம்தான் எங்கள் மெத்தையிலும் பூசினோம், அப்புறம் ஒழுகல் கூடிவிட்டது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இருந்தால் சொல்லுங்கள் அண்ணே, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை காட்டிவிடுகிறேன்.