மறு: படகு டேங்கில் இருக்கும் 'சென்டர்' (sender) - தமிழில் என்ன சொல்லலாம்?

> 'எரிபொருள் அனுப்பி' என்றே வைத்துக்கொள்ளலாமே. நேரடியாக இருக்கிறது.

நேரடியாக இருப்பதுதான் சிக்கல். எரிபொருள் அனுப்பி என்று படித்தால் டீசலை இன்ஜினுக்குத் தள்ளுகிற பம்ப்தான் யாருக்கும் நினைவுக்கு வரும். இந்தப் பொருளோ எதையும் தள்ளுவதில்லை. டேங்குக்குள் ஒரு மிதவை, அது ஏறி இறங்கும்போது மாறுகிற மின்தடை, அதைப் பார்த்து டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே ஒரு முள் காட்டும், அவ்வளவுதான். அமெரிக்க வகையில் காலி என்றால் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. வகை தெரியாமல் மாற்றிப் போட்டால் புதுச் சாமானும் பொய் சொல்லும்.

மெக்கானிக்குகள் சொல்லும் 'ஃப்ளோட்' எனக்குப் பிடித்ததுதான். ஆனால் மிதவை என்ற சொல் மிதவைக்கே வேண்டும், ஏனென்றால் 'மிதவைக்குள் டீசல் ஏறி அது மூழ்கிவிட்டது' என்று கையேட்டில் எழுதியாக வேண்டும். தவிர, ஒலியலையால் அளக்கிற வகையில் மிதவையே கிடையாது.

என் பரிந்துரை: தொட்டியுணரி. ஸ்டியரிங் பக்கத்தில் முள்ளோடு இருப்பது மானி. கையேட்டைப் பிரிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே இந்த இரண்டில் கெட்டது எது என்பதுதான். ஒன்றை எரிபொருள் மானி, மற்றதை எரிபொருள் மட்டமானி என்று எழுதினால் ஆள் நல்லதைக் கழற்றிவிட்டுக் கெட்டதை விட்டுவிடுவார். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"சாவியைத் திருப்பி, தொட்டியுணரியிலிருந்து வரும் வயரை மானியின் பின்பக்கம் கழற்றவும். முள் காலிக்கு இறங்க வேண்டும். வயர் இருந்த முனையை எர்த்தோடு சேர்த்தால் முள் நிறைவுக்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மானி நல்லது. தொட்டியுணரியையும் அதன் வயர்களையும் பார்க்கவும்."

(இது 240-33 வகைக்கு. மற்றதில் முள் எதிர்ப்பக்கம் போகும். பெட்ரோல் படகில் இந்தச் சோதனையை டேங்க் அருகே செய்யக்கூடாது என்று தனி வரி சேர்க்க வேண்டும், ஒரு பொறி போதும்.) பாதி நேரம் கோளாறு உள்ளே இருக்காது, உப்புக்காற்றில் பச்சை பூத்த எர்த் முனையில்தான் இருக்கும், சுரண்டிவிட்டு இறுக்கினால் முள் எழுந்துவிடும்.

> தண்ணீர் டேங்கிலும் இதே சாமான் இருக்கிறதே, அதற்கு?

தண்ணீர்த் தொட்டியுணரி, டீசல் தொட்டியுணரி. முன்னால் ஒரு சொல் போட்டால் முடிந்தது. இன்ஜினில் வெப்பத்துக்கும் ஆயில் அழுத்தத்துக்கும் இருப்பவற்றையும் ஆங்கிலத்தில் சென்டர் என்றே சொல்கிறார்கள். நமக்கு வெப்பவுணரி, அழுத்தவுணரி என்று ஒரே குடும்பமாக வரும். அனுப்பியை வைத்து 'வெப்ப அனுப்பி' என்று எழுதிப் பாருங்கள், அடுப்பு மாதிரி இருக்கும்.

> உணரி என்றால் சென்சார். அதுவும் இதுவும் ஒன்றா?

படகுக்காரருக்கு ஒன்றுதான். மின்னணுப் பாடநூலில் பிரிக்க வேண்டியிருந்தால் அங்கே பிரித்துக்கொள்ளட்டும்.

தொட்டியுணரியின் மேல்மூடியில் இருக்கும் 5 திருகுத் துளைகள் சம இடைவெளியில் இருக்காது, ஒரே ஒரு திசையில்தான் உட்காரும். அந்த வட்டத் தட்டுக்கு 'மூடித்தட்டு' போதும் என்று நினைக்கிறேன், மாற்று இருந்தால் சொல்லுங்கள். அடியில் வைக்கும் கேஸ்கெட்டுக்குத் தயவுசெய்து புதுச் சொல் தேட வேண்டாம். பேக்கிங் என்றால் கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள்.