பொருள்: 'மெயில் கேட்வே' – வெள்ளி பின்னேரத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

உப்புவெளியான், செவ்வாய் இரவு

அன்பின் நண்பர்களுக்கு,

வரும் சனிக்கிழமை எங்கள் வாசிகசாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் 22 பேருக்குத் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைக் காட்டப்போகிறேன். பிரவுசரில் மெயிலைத் திறந்து வாசித்து முடிப்பதற்குள் இவர்களுக்கு டேட்டா தீர்ந்துபோகிறது, இல்லாவிட்டால் கரண்ட் போகிறது. மடல்கள் கணினிக்குள் இறங்கிக் கிடந்தால் லைன் இல்லாத நேரத்திலும் வாசிக்கலாம், பதிலை எழுதி வைக்கலாம்.

ஜிமெயில்காரருக்குச் சிக்கல் இல்லை. மெயில் மென்பொருள் சேர்வரோடு பேசும் முறையான ஐமேப் 2007 இலிருந்து சும்மா கிடைக்கிறது. தண்டர்பேர்டில் முகவரியைக் கொடுத்தால் மிச்சத்தை அதுவே தேடிக்கொள்ளும். மூன்று பேருக்குத்தான் பிரச்சினை. அவர்கள் இப்போதும் பகுதிநேரமாகப் படிப்பிக்கும் ஓர் இடம் மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சேர்வரில் முகவரி கொடுத்திருக்கிறது. ஐமேப்பைப் பூட்டி வைத்துவிட்டு, பிரவுசரில் மட்டும் பாருங்கள் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் சேர்".

அந்த மூவருக்கும் டேவ்மெயில் போட்டுக்கொடுக்க எண்ணம். காசில்லை, கட்டற்ற மென்பொருள் (யாரும் உள்ளே பார்த்துத் திருத்தலாம்), ஜாவாவில் ஓடும். நம் கணினிக்குள்ளேயே குந்தியிருந்து, அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சோடு வெப்மெயில் போகும் அதே வழியால் பேசும், இந்தப் பக்கம் தண்டர்பேர்டோடு ஐமேப்பில் பேசும். தண்டர்பேர்டில் சேர்வர் பெயருக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' (இதே கணினி), போர்ட் எண் 1143, அனுப்புவதற்கு 1025. அவ்வளவுதான்.

கையேடு எழுதும்போது முட்டுப்பட்டேன். டேவ்மெயில் தன்னைக் 'கேட்வே' என்று சொல்கிறது. தமிழில் என்ன போடலாம்? போட்டோக்கொப்பிக் கடைக்கு வெள்ளி நான்கு மணிக்குக் கொடுக்கவேண்டும்.

சென்னைவாசி, செவ்வாய் இரவு

இதற்கு எதற்கு விவாதம்? 'நுழைவாயில்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மின்னஞ்சல் நுழைவாயில். முடிந்தது.

தம்பலகாமத்துப் பண்டிதர், புதன் காலை

முடியவில்லை ஐயா. நுழைவாயில் என்றதும் என் கண்ணுக்குக் கோட்டை வாசல்தான் தெரிகிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவன் அதற்குள்ளால்தான் போகிறான், வாசலும் சும்மா நிற்கிறது, போகிறவனும் மாறுவதில்லை. தம்பி சொல்லும் சாமான் சும்மா நிற்கவில்லை. ஒருவர் பேச்சை மற்றவருக்கு மாற்றிச் சொல்கிறது. அளவிலும் சின்னது, வீட்டோடு ஒட்டியது.

எங்களிடம் நல்ல சொல் இருக்கிறது: படலை, வீட்டு வேலியின் சின்னக் கதவு. அஞ்சற்படலை. படல் என்பது ஓலையாலோ முள்ளாலோ பின்னிய தட்டி, அதிலிருந்து படலை. புறநானூறு 319 இல் 'படலை முன்றில்' வருகிறது. சிறுதினை காயப்போட்ட முற்றம். அந்தப் படலை வேலிப் படலையா, தழை வேய்ந்த பந்தலா என்று கேட்பார்கள். படலை என்றால் தழை விரவிய மாலை என்ற பொருளும் உண்டு. என் துணிபு, இவை எல்லாவற்றுக்கும் வேர் 'படு'. படுத்தல், பரப்புதல், பின்னுதல். படலம், படாம் எல்லாம் ஒரே குடும்பம்...

(நீளமாகிவிட்டது. மிச்சம் இரவு.)

சென்னைவாசி, புதன் காலை

படாம் வடசொல் என்பவர்களும் உண்டு ஐயா. அது கிடக்கட்டும். 'படலை' என்றால் எங்கள் பக்கம் நூற்றில் ஒருவருக்குக்கூடப் புரியாது. கையேடு இணையத்தில் ஏறினால் எல்லாத் தமிழரும்தானே வாசிப்பார்கள்?

பண்டிதர், புதன் மத்தியானம்

இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்தார்களே, திசைச்சொல்லை, அதாவது வட்டாரச் சொல்லை, வாசலுக்கு வெளியே நிறுத்தச் சொன்னார்களா? நீங்கள் ஆக்சிஜன் என்கிறீர்கள், நாங்கள் ஒட்சிசன் என்கிறோம். இரண்டு கரையிலும் மூச்சு விடுகிறார்கள்.

தபால் ஐயா (ஓய்வு), புதன் இரவு

தம்பிமாருக்கு வணக்கம். நான் வேலை பார்த்தது தபால் கந்தோரில். தபாலும் தமிழில்லை, கந்தோர் ஒல்லாந்தன் விட்டுவிட்டுப் போன சொல். ஆனால் கந்தோருக்கு வழி தெரியாமல் ஒருத்தரும் நின்றதில்லை.

படலைக்கு என் வாக்கு. ஆனால் ஒரு திருத்தம். இந்தச் சாமான்களில் இரண்டு சாதி உண்டு. யாகூ 2002 இல் பொப் (மடலைக் கணினிக்கு இறக்கும் பழைய முறை) வசதியைக் காசு கட்டினவருக்கு மட்டும் என்று ஆக்கினபிறகு, வைபொப்ஸ் என்று ஒன்று வந்தது, சும்மா இறக்கலாம். ஃப்ரீபொப்ஸ் என்று இன்னொன்று. இவை என்ன செய்யும்? உங்கள் பெயரில் வெப்மெயிலுக்குள் போய், பக்கத்தைக் கிண்டி, மடலைப் பொறுக்கியெடுத்து, பொப் மாதிரி ஆக்கித் தண்டர்பேர்டுக்கு நீட்டும். அவன் பக்கத்தில் ஒரு பொத்தானை இடம் மாற்றினால் போச்சு. எனக்கு ஒருநாள் காலமை 300 கடிதம் திரும்பத் திரும்ப இறங்கினது. எந்தக் கம்பனியின் மெயில் என்று சொல்லமாட்டேன், இன்னும் அதில்தான் இருக்கிறேன்.

நான் பிறந்தது வடமராட்சி. அங்கே வேலியில் நாயும் பொடியளும் பூரும் ஓட்டைக்குப் 'பொட்டு' என்று பெயர். வீட்டுக்காரன் வைத்தது படலை, மற்றவன் வைத்தது பொட்டு. வைபொப்ஸ் பொட்டு. டேவ்மெயில் படலை, ஏனென்றால் எக்ஸ்சேஞ்ச்காரனே திறந்துவைத்த வழியால் போகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடவேண்டாம்.

உப்புவெளியான், புதன் இரவு

ஐயா, பொட்டு பிரமாதம்! ஆனால் அந்த இடத்து ஆட்கள் ஐமேப்பைப் பூட்டிவிட்டார்களே. அப்படியென்றால் டேவ்மெயிலும் பாதிப் பொட்டுத்தானே?

தபால் ஐயா, புதன் இரவு

பூட்டினது முன்படலை. பின்படலை திறந்து கிடக்குது. திறந்த படலையால் போறவன் களவெடுக்கவில்லை தம்பி.

கிண்ணியா டீச்சர், வியாழன் காலை

எல்லோரும் வேலியைப் பற்றியே பேசுகிறீர்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும்வரை நாங்கள் தண்ணீரைத் தாண்டியது 'பாதை'யில். வெளியூர்க்காரர் சிரிப்பார்கள், எங்களுக்குப் பாதை என்றால் றோட்டு இல்லை. ஆளையும் பஸ்ஸையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை. டேவ்மெயில் செய்வது அதுதான். இந்தக் கரை ஐமேப், அந்தக் கரை எக்ஸ்சேஞ்ச். வாசல் எதையும் சுமப்பதில்லை, பாதை சுமக்கும். 'அஞ்சற்பாதை' என்று போடலாமே?

இன்னொன்று. 'கட்டற்ற மென்பொருள்' என்று போன வருடம் வகுப்பில் சொன்னேன். "டீச்சர், கட்டாக்காலி மாடு மாதிரியா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இலவசம் என்பதற்கும் கட்டற்றது என்பதற்கும் வித்தியாசம் சொல்ல முக்கால் மணித்தியாலம் போனது.

சென்னைவாசி, வியாழன் காலை

கட்டாக்காலி! இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 'பாதை' என்று எழுதினால் கோப்பு எங்கே கிடக்கிறது என்று காட்டும் முகவரி என்றே கணினிக்காரர் நினைப்பார்கள். அதற்குப் பாதை என்றுதான் போடுகிறோம்.

கிண்ணியா டீச்சர், வியாழன் காலை

அது உண்மைதான். விட்டுக்கொடுக்கிறேன். மனமில்லாமல்.

பண்டிதர், வியாழன் மத்தியானம்

டீச்சரின் பாதை அழகு, ஆனால் படலையே நிற்கட்டும். ஒன்று மட்டும்: சிலர் 'அஞ்சல் படலை' என்று பிரித்து எழுதுவதைக் காண்கிறேன். அஞ்சல் + படலை வேற்றுமைப் புணர்ச்சி. லகரம் றகரமாகும். அஞ்சற்படலை.

உப்புவெளியான், வியாழன் மத்தியானம்

ஐயா, 'அஞ்சல் பெட்டி' என்று எல்லோரும் பிரித்துத்தானே எழுதுகிறார்கள்? சேர்த்து எழுதினால் படிக்கிறவர்களுக்கு நா சிக்கும்.

பண்டிதர், வியாழன் மத்தியானம்

நா சிக்கும் என்று புணர்ச்சியை விட்டுத்தான் ஊர்ப் பெயரே 'திருகோணமலை' ஆனது. சம்பந்தர் பாடியது கோணமாமலை. அதற்கு முன்னே திரு சேர்த்தால் திருக்கோணமலை. அந்த ஒரு 'க்' விழுந்ததால் இன்றைக்கு முக்கோண மலை என்று விளக்கம் சொல்கிறான்...

தபால் ஐயா, வியாழன் பின்னேரம்

இந்தக் 'க்' பற்றி இங்கே ஏற்கெனவே மூன்று தரம் கதைத்தாயிற்று. 'க்' போட்ட கடிதமும் வந்து சேர்ந்தது, போடாத கடிதமும் வந்து சேர்ந்தது. நான் பிரித்து அடுக்கின ஆள்.

உப்புவெளியான், வெள்ளி 3 மணி

கடைக்காரர் இரண்டு தரம் அழைத்துவிட்டார். கணக்கு: படலைக்கு மூன்று, நுழைவாயிலுக்கு ஒன்று, பாதை வாபஸ். 'அஞ்சல் படலை' என்று பிரித்தே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'கேட்வே என்று திரையில் தெரிவது' என்று ஒரு வரி. பொட்டு அடிக்குறிப்பில்: பக்கத்தைக் கிண்டி எடுக்கும் பழைய கருவிகளை நம்பவேண்டாம் என்று.

அதோடு டேவ்மெயில் ஓடாவிட்டால் தண்டர்பேர்ட் 'இணைக்க முடியவில்லை' என்று கத்தும். கடவுச்சொல்லை மாற்றவேண்டாம், முதலில் படலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

சென்னைவாசி, வெள்ளி மாலை

வாழ்த்துகள். என் மொழிபெயர்ப்பில் நுழைவாயில்தான். பின்னால் குழப்பம் வந்தால் நான் பொறுப்பில்லை.

பண்டிதர், சனி பின்னேரம்

வகுப்பு நன்று. என் கணினியில் 187 மடல் இறங்கிவிட்டது. எனக்குக் கிடைத்த பிரதியில் ஒன்பது இடத்தில் 'ல்' ஐ வெட்டி 'ற்' போட்டுவிட்டேன். மற்ற 21 பிரதியையும் சேர்த்துக் கொண்டுவந்தால் அவற்றிலும் போட்டுத் தருவேன். சிவப்புப் பேனை என்னிடம் இருக்கிறது.