சீருடை சரி, ஈரத் தலைக்கு எதற்குத் தண்டனை?

கரிசல்காட்டுக்காரி (கேள்வி)

போன வெள்ளிக்கிழமை என் மகள் கணக்கு வகுப்பு முழுவதும் வராந்தாவில் நின்றாள். வீட்டுப்பாடம் எழுதாமல் போனதற்காக அல்ல. ஒற்றைச் சடை போட்டுப் போனதற்காக.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கோவில்பட்டிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி. பெண் பிள்ளைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து, கறுப்பு ரிப்பன் கட்ட வேண்டும். பூ கூடாது, கொலுசு கூடாது. இதெல்லாம் ஆறாம் வகுப்பில் சேர்த்தபோதே சொல்லிவிட்டார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தவள்தான்.

அவளுடைய தலைமுடி என் மாமியார் வழி. கைப்பிடிக்குள் அடங்காது, இடுப்புக்குக் கீழே இறங்கும், போதாததற்குச் சுருட்டை. தலைக்குக் குளித்தால் உலர மூன்று மணி நேரம் ஆகும். பஸ் ஏழே முக்காலுக்கு. ஈரத்தோடு இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டினால் சாயங்காலம் அவிழ்க்கும்போது ஒரு முடை நாற்றம் வரும், பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குளிக்கவைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு மாதவிலக்கின் மூன்றாம் நாள். தலைக்குக் குளிக்காமல் அவளுடைய பாட்டி அடுக்களைப் பக்கம் விடமாட்டார். வீட்டில் ஒரு சட்டம், பள்ளியில் ஒரு சட்டம், இரண்டுக்கும் நடுவில் பிள்ளையின் தலை. அதனால் தளரப் பின்னி ஒற்றைச் சடையாக நான்தான் அனுப்பினேன். தப்பு செய்தது நான், நின்றது அவள்.

இவள் தம்பி அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. மாதம் ஒருமுறை சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த மாத ஒழுக்கம் அவனுக்கு முடிந்தது. அவன் சட்டைக்கு ஒரு பாக்கெட், கால்சட்டைக்கு இரண்டு. இவளுடைய சுடிதாருக்கும் மேலே போடும் கோட்டுக்கும் சேர்த்து ஒன்றுகூட இல்லை. பஸ் பாஸ் ஜியாமெட்ரி பாக்ஸில், சில்லறை சாக்ஸுக்குள். பள்ளியில் நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைக் கழிப்பறை வரை எடுத்துப்போக உடுப்பில் இடமில்லை. நோட்டுக்குள் வைத்து, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறாள். நோட்டோடு கழிப்பறைக்குப் போகிற பெண்ணைப் பார்த்தாலே வகுப்பில் அத்தனை பையன்களுக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறதாம்.

சீருடையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே துணி என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். துணியைத் தாண்டித் தலைமுடி வரைக்கும் போகிற விதி நியாயமா? அதுவும் பெண் பிள்ளைக்கு மட்டும் தினமும் அரைமணி நேரம் பிடிக்கிற விதி? கேட்பதென்றால் யாரிடம் கேட்பது?

பழையபேட்டை

நாங்கள் படித்தபோது பிரம்படி வாங்கினோம், குறைந்தா போய்விட்டோம்? சடைக்கெல்லாம் பஞ்சாயத்து வைத்தால் பிள்ளை எங்கே உருப்படும்?

கரிசல்காட்டுக்காரி

ஐயா, நீங்கள் படித்தபோது உங்கள் சடையைப் பின்னியது யார்?

ஊசிநூல்

தங்கச்சி, நான் தையல்காரன். தென்காசிப் பக்கம் கடை. முப்பது வருஷமாக மே, ஜூன் மாதங்களில் எனக்குத் தூக்கம் கிடையாது, எல்லாம் பள்ளிக்கூடத் துணி. பாக்கெட் கதையை என்னிடம் கேளுங்கள்.

பள்ளியிலிருந்து ஒரு மாதிரி உடுப்பு வரும். அதைப் பார்த்து அப்படியே தைக்க வேண்டும். மாதிரியில் பாக்கெட் இல்லையென்றால் தைத்ததிலும் இருக்காது. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, வேண்டும் என்றும் யாரும் சொன்னதில்லை. பையன் கால்சட்டை மாதிரி பாக்கெட் இல்லாமல் வந்திருந்தால் நானே போன் போட்டு, "சார், மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டிருப்பேன். பெண் பிள்ளை உடுப்புக்கு அந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

சுடிதாரின் பக்கத் தையலில் பாக்கெட் வைத்தால் மேலே கோட்டு மூடிவிடும், கை போகாது. கோட்டின் உள்பக்கம், இடது கைப் பக்கமாக ஓர் ஒட்டுப் பாக்கெட் வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தையல் தெரியாதபடி உள்துணியோடு பிடித்துவிடலாம். கால்மணி நேர வேலை, வெட்டில் மிஞ்சிய துணியே போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீருடை போட்டால் ஏழை பணக்காரன் தெரியாது என்கிறார்கள். என் கண்ணுக்குத் தெரியும். வளரும் பிள்ளைக்குப் பாவாடையோ கால்சட்டையோ கீழே மூன்று அங்குலம் உள்ளே மடித்துத் தைப்போம். தீபாவளிக்கு ஒரு மடிப்பைப் பிரிப்போம், அடுத்த ஜூனில் மிச்சத்தையும் பிரிப்போம். பிரித்த இடத்தில் துணி புதிதாக அடர்ந்த நிறத்தில் இருக்கும், மேலே வெளுத்திருக்கும், நடுவில் பழைய மடிப்பு ஒரு கோடாக நிற்கும். எத்தனை முறை துவைத்தாலும் அந்தக் கோடு போகாது. வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் காலைப் பார்த்தால் யார் வீட்டில் இந்த வருஷம் புதுத் துணி எடுக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகளும் பார்ப்பார்கள்தானே? சில தனியார் பள்ளிகள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கட்டத்தின் நிறத்தை மாற்றிவிடும். அக்காள் போட்டதைத் தங்கை போட முடியாது. துணியும் அவர்கள் சொல்கிற கடையில்தான் எடுக்க வேண்டும். சடையை விட எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

சாக்பீஸ்தூள்

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில்தான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. சீருடைக்கு எதிராக யார் பேசினாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாவட்டங்களில் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டுவார்கள். நிறத்தைப் பார்த்தால் சாதி தெரியும். பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருவது, தண்ணீர்க் குழாயில் யார் முதலில் என்பதெல்லாம் அந்தக் கயிற்றின்படி நடக்கும். 2019-இல் கயிறுகளைக் கண்காணிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் அடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் வந்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் எல்லாவற்றையும் தடுக்க வேண்டும் என்று பரிந்துரை. திலகம் வரை போனதில் எனக்குத் தயக்கம் உண்டு. கயிற்றை அறுக்கச் சொன்னதில் துளியும் இல்லை. அது சக மாணவனைப் பயமுறுத்துகிற பொருள். ஈரச் சடை யாரைப் பயமுறுத்துகிறது?

அம்மா, உங்கள் கேள்வியை ஒட்டி நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் காலை வணக்கக் கூட்டத்துக்குக் கத்தரிக்கோலோடு போவேன். முடி காதை மூடியிருந்தால் அங்கேயே முன்பக்கம் ஒரு வெட்டு. சலூனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், வேறு வழியிராது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அப்படி வெட்டினேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான், பேசாதே என்றேன். மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அம்மா வந்தார். திருச்செந்தூரில் இறக்குவதாக நேர்ந்துகொண்ட முடி. அவனுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்தபோது வேண்டிக்கொண்டது. அவர் சண்டை போடவில்லை. "சாமிக்கு வைத்த முடி சார், தரையில் விழுந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார். அன்றோடு கத்தரிக்கோலை மேசை இழுப்பறையில் போட்டேன். ஓய்வு பெறும்போது இழுப்பறையைக் காலி செய்தபோது துருப்பிடித்துக் கிடந்தது.

யாரிடம் கேட்பது என்றீர்கள். உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உதவி பெறும் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனைதான் சொல்ல முடியும், ஆனாலும் பேச அது இடம். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் பேசுகிறது, உங்கள் மகள் ஒன்பது. அதனால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். "கணக்கு வகுப்பு போனது யாருக்கு நஷ்டம்?" என்று கேளுங்கள். எந்த ஆசிரியரும் அதற்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. சடை விதி எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவரை, முன்பிருந்த தலைமையாசிரியர் வைத்தது என்ற பதில்தான் வந்திருக்கிறது. அவரைக் கேட்டால் அவருக்கு முன்பிருந்தவர்.

செம்மண்

அக்கா, நான் யாழ்ப்பாணம். எங்கள் நாட்டில் எந்தப் பாடசாலைக்குப் போனாலும் வெள்ளைதான், ஆணுக்கும் பெண்ணுக்கும். 1993 முதல் சீருடைத் துணியை அரசாங்கமே கொடுக்கிறது, இடையில் சில வருடம் துணிக்குப் பதிலாக வவுச்சர் தந்தார்கள். அந்த வகையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வெள்ளையையும் எங்கள் மண்ணையும் யோசித்துப் பாருங்கள். மாரி காலத்தில் சைக்கிளில் போனால் முதுகு முழுக்கச் செம்மண் கோடு. அம்மா ஒவ்வொரு இரவும் சவர்க்காரம் போட்டு, நீலம் போட்டு, விறகடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பார். காலையில் சீருடையில் புகை மணக்கும். இரட்டைப் பின்னல் எங்களுக்கும் உண்டு. ஆனால் வெள்ளைதான் எனக்குப் பதினொரு வருடப் பயம். மாதத்தில் ஐந்து நாள் கதிரையை விட்டு எழும்பும் முன் பின்னால் இருக்கும் சிநேகிதியைத் திரும்பிப் பார்ப்போம். அவள் கண்ணால் "ஓம்" என்றால்தான் எழும்புவோம்.

கடைசிபெஞ்ச்

செம்மண் அக்கா சொன்னது இங்கேயும் உண்டு. எங்களுக்குப் புதன்கிழமை மட்டும் விளையாட்டுச் சீருடை, அது வெள்ளைக் கால்சட்டை. புதன்கிழமைகளில் மட்டும் பெண்கள் அதிகம் விடுப்பு எடுக்கிறார்கள் என்று வருகைப்பதிவேட்டைப் பார்த்து ஒரு சார் கிண்டல் செய்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வெள்ளையைத் தவிர வேறு நிறத்தைக் கிட்டவே விடாத விம்பிள்டன் டென்னிஸ் போட்டிகூட 2023-இல் வீராங்கனைகள் உள்ளே அடர்நிறக் கால்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கிவந்துவிட்டது. எங்கள் விளையாட்டு ஆசிரியர் விம்பிள்டனை விடப் பெரியவர்.

இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பையன்களுக்காகவும் ஒரு வார்த்தை: தம்பிக்கு மாதம் ஒரு சலூனோடு ஒழுக்கம் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஏழாம் வகுப்பு வரைதான். பதினொன்றாம் வகுப்புக்கு வரட்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஒட்ட வெட்டினாலே ரௌடி என்று பெயர் வைத்துவிடுவார்கள். என் அண்ணனுக்கு வைத்தார்கள், அந்தப் பெயர் மதிப்பெண் பட்டியல் வரை கூடவே வந்தது.

கரிசல்காட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. தம்பி விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று பள்ளிக்குப் போனேன். சாக்பீஸ்தூள் சார் சொன்னபடி கணக்கு வகுப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். வகுப்பாசிரியை நல்லவர். சுற்றிலும் பார்த்துவிட்டு, "எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்" என்று மெதுவாகச் சொன்னார். தலைக்குக் குளித்த நாளில் ஒற்றைச் சடையாக வரலாம், ஆனால் டைரியில் நான் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அதாவது என் மகள் தலைக்குக் குளித்தாள் என்று மாதத்துக்கு நாலைந்து முறை எழுத்தில் தர வேண்டும். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மேலாண்மைக் குழு அடுத்த மாதம் கூடுகிறதாம். போகப்போகிறேன். புதன்கிழமை வெள்ளையையும் சேர்த்துக்கொள்கிறேன், எங்கள் பள்ளியில் அது வியாழக்கிழமை.

வீட்டில் என் மாமியாரிடம் நோட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கள் முந்தியில் முடிந்துகொண்டு போவோம்" என்றார். பள்ளி உடுப்பில் முந்தியும் இல்லை, பாக்கெட்டும் இல்லை.

ஊசிநூல் அண்ணாச்சி, தையல் மிஷின் வீட்டில் இருக்கிறது, நானே தைத்துவிடுவேன். உள்பாக்கெட் எவ்வளவு ஆழம் வைக்கட்டும்?

ஊசிநூல்

ஆறு அங்குல ஆழம், ஐந்து அங்குல அகலம். பஸ் பாஸ் செங்குத்தாக நிற்கும், மற்றதும் மடங்காமல் இருக்கும். வாய்ப் பக்கம் இரண்டு மூலையிலும் திருப்பித் திருப்பி மூன்று தையல் போடுங்கள் தங்கச்சி, கை போய்வருகிற இடம்தான் முதலில் பிரியும். கோட்டை வெளிப்பக்கம் திருப்பி வெயிலில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள், நூல் நிறம் காட்டிக்கொடுக்கிறதா என்று.